இடியாப்ப அச்சில் விழுந்த சூரியன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மலரில் போடுவதற்குக் குழுவுக்கு ஒரு போட்டோ கொடுக்கச் சொன்னார்கள். கடன் வாங்கிய காசோலையோடு நிற்கிற படம், மரக்கன்று நடுகிற படம், கண்காட்சியில் கடை போட்ட படம் என்று நிறைய வந்திருக்கிறது. எங்கள் குழு கொடுத்த படத்தில் அப்படி ஒன்றும் இல்லை. சிமெண்டுத் தரையில் வெளிச்சமாக ஒரு வளையம். அதற்குப் பக்கத்தில் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. அவ்வளவுதான். மலர் வேலை பார்க்கிற அக்கா, "ஏன்டி, இது வளையல் கடை விளம்பரமா?" என்று கேட்டார்கள். "இல்லக்கா, அது சூரியன்" என்றேன். "அப்ப நீயே மேடை ஏறி அதைச் சொல்லு" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நிற்கிறேன்.

நம் ஊர் நெற்குப்பை, சோமலெ அய்யா பிறந்த ஊர். உலகம் சுற்றி வந்தவர், மாவட்டம் மாவட்டமாகப் போய், அங்கே உள்ள கோயில், சந்தை, தொழில், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதி வைத்தவர். கண்ணால் பார்த்ததைக் குறித்து வைக்க வேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிது இல்லை. நம் குழுவிலும் அதுதானே வழக்கம்? கூட்டம் நடந்தால் தீர்மான நோட்டில் எழுதுகிறோம். எழுதாத கூட்டத்துக்குக் கணக்கில்லை. ஊருக்கு மேலே நடந்த ஒரு பெரிய காரியத்தை, கையில் இருந்த சாமானை வைத்து எப்படிக் குறித்து வைத்தோம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

2019-ம் வருஷம் டிசம்பர் 26-ம் தேதி, வியாழக்கிழமை. மார்கழி அமாவாசை. அன்றைக்கு வந்தது வளைய சூரிய கிரகணம். பஞ்சாங்கத்தில் கங்கண கிரகணம் என்று போட்டிருப்பார்கள். கங்கணம் என்றால் வளையல், காப்பு. சூரியனுக்கும் நமக்கும் நடுவில் நிலா வந்து நிற்பதுதான் சூரிய கிரகணம். நிலா நமக்குக் கிட்ட இருக்கிற சமயம் என்றால் சூரியனை முழுசாக மூடிவிடும். கொஞ்சம் எட்ட இருக்கிற சமயம் என்றால் நிலா சின்னதாகத் தெரியும், மூடப் பத்தாது. பெரிய தட்டின் மேல் சின்னத் தட்டைக் கவிழ்த்தால் ஓரம் தெரிகிறதில்லையா, அதுபோலச் சூரியனின் ஓரம் மட்டும் வளையமாக நிற்கும்.

அந்த வளையம் எல்லா ஊருக்கும் தெரியாது. சுமார் 120 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை மாதிரி நிழல் ஓடும். அந்தப் பட்டைக்குள் இருக்கிற ஊருக்குத்தான் வளையம், மற்ற ஊருக்கெல்லாம் பிறைதான். அன்றைக்கு அந்தப் பட்டை சவூதி அரேபியாவில் தொடங்கி, கேரளாவில் காசர்கோடு பக்கம் கரையேறி, ஊட்டி, கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை, நம் சிவகங்கை மாவட்டம் என்று வந்து, யாழ்ப்பாணம் வழியாகப் போனது. மதியத்தில் சிங்கப்பூரைத் தொட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே எத்தனை பேர் வேலைக்குப் போயிருக்கிறார்கள்! நாம் காலை ஒன்பதரைக்குப் பார்த்த அதே வளையத்தை அவர்கள் மதியம் அங்கே பார்த்தார்கள்.

இன்னொரு செய்தியும் சொல்கிறேன். 1871-ம் வருஷம், அதுவும் டிசம்பர் மாதம்தான், 12-ம் தேதி, கிட்டத்தட்ட இதே பாதையில் ஒரு முழு சூரிய கிரகணம் வந்தது. அதைப் பார்க்க இங்கிலாந்து, பிரான்சு, இத்தாலி என்று பல தேசத்து வானியல் அறிஞர்கள் கப்பலேறி வந்தார்கள். பேக்கல் கோட்டையில் ஒரு கூட்டம், நீலகிரியில் ஒரு கூட்டம், அவிநாசியில் ஒரு கூட்டம், யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டம். நமக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையிலும் ஒரு கூட்டம் தங்கியது. இத்தாலியில் இருந்து வந்த ரெஸ்பிகி என்ற அறிஞர் புதுக்கோட்டையில் இருந்துதான் பார்த்தார். பேக்கலிலும் தொட்டபெட்டாவிலும் போட்டோ எடுத்தார்கள். அந்தக் காலத்துப் போட்டோ என்றால் கண்ணாடித் தகட்டில் மருந்து தடவி, அந்த ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும். கிரகணம் முழுசாக இருந்தது ஏறக்குறைய இரண்டு நிமிஷம். அதற்காக எத்தனை பெட்டி, எத்தனை மாட்டு வண்டி, எத்தனை மாசப் பயணம்!

148 வருஷம் கழித்து அது நம் வாசலுக்கே வந்தது. நாம் என்ன செய்தோம்? பெரும்பாலான வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. பெரியவங்க சொன்னது, பயம், பிள்ளைகள் கண்ணுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்ற அக்கறை, எல்லாம்தான் காரணம். அந்த அக்கறை சரிதான். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஆனால் பார்க்காமலே பார்க்க வழி இருக்கிறது.

எங்கள் குழு பலகாரம் போடுகிற குழு. தேன்குழல், சீடை, மனகோலம், அதிரசம். வேலை செய்கிற இடம் ஒரு பழைய வளவு வீட்டின் பின்கட்டு. அந்த வீட்டு ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல். கிரகணம் விடுகிற வரைக்கும் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள். மறுநாள் காரைக்குடிக்குக் கொடுக்க வேண்டிய சரக்கு நிற்கிறது. அடுப்பு இல்லை என்பதால் மாவு பிசைவது, அச்சுக் கழுவுவது, எள்ளுப் புடைப்பது என்று மேல்வேலை பார்த்துக்கொண்டு இருந்தோம்.

காலை எட்டு மணிக்கு மேல் கிரகணம் பிடித்தது. ஒரு உறுப்பினரின் மகள், எட்டாம் வகுப்பு, அரையாண்டு லீவில் அம்மாவோடு வந்திருந்தது. அதுதான் முதலில் பார்த்தது. வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டு, "அத்தே, தரையப் பாருங்க" என்று கத்தியது. எப்போதும் மர நிழலில் வட்ட வட்டமாகத்தானே வெயில் விழும்? அன்றைக்கு எல்லாம் கடித்த அதிரசம் மாதிரி ஒரு பக்கம் குறைந்து விழுந்து கிடந்தது. "பள்ளிக்கூடத்துல ஊசித்துளைக் காமிரா செஞ்சோம்ல, அதேதான் இது. இலைக்கு நடுவுல இருக்க ஓட்டை ஒவ்வொண்ணும் ஒரு ஊசித்துளை" என்றது பிள்ளை.

ஓட்டை என்றதும் எனக்குக் கழுவி வைத்த இடியாப்ப அச்சு ஞாபகம் வந்தது. எங்களிடம் இல்லாத ஓட்டையா! அச்சின் தட்டைக் கழற்றி, வெயிலில் பிடித்து, முற்றத்துச் சுவரில் நிழல் விழ வைத்தேன். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக் கருவும் போட்டு இழைத்த சுவர், இன்றைக்கும் பளிங்கு மாதிரி இருக்கும். சினிமாத் திரையே தோற்றுப் போகும். அந்த வெள்ளைச் சுவரில் கறுப்பாகத் தட்டின் நிழல், அதற்குள் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குட்டிப் பிறை. எண்ணிப் பார்த்தால் நூறுக்குப் பக்கம் வரும்.

அப்புறம் எங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆளுக்கு ஒரு சாமானை எடுத்து வந்து பிடித்துப் பார்த்தோம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

மாவு சலிக்கிற நைஸ் சல்லடை உதவாது. கண் மிக நெருக்கம். ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழுந்து கலங்கிவிடும். இடியாப்பத் தட்டைச் சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் ஒவ்வொரு சூரியனும் மிளகு அளவுக்கு விழும். மூன்று அடி தள்ளிப் பிடித்தால் கொண்டைக்கடலை அளவு. எட்டு அடி போனால் ஒரு ரூபாய்க் காசு அளவு. தூரம் கூடக் கூடப் படம் பெரிதாகும், வெளிச்சம் குறையும். ஆனால் தள்ளிப் போகப் போகப் படங்கள் ஒன்றோடு ஒன்று மோதும். அதற்கு எங்கள் குழு அக்கா ஒரு வழி சொன்னார்கள். பிசைந்த மாவைக் கிள்ளி, தேவையில்லாத கண்ணை எல்லாம் அடைத்துவிட்டார்கள். இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு கண் மட்டும் திறந்து இருக்கும்படி விட்டோம். மூன்று அடியில் தனித்தனியாக, தெளிவாக விழுந்தது.

பூந்திக் கரண்டிக்குக் கண் பெரிது. கிட்ட வைத்தால் படம் பிடிபடாது, வெறும் வெளிச்சப் பொட்டாகத் தெரியும். மூன்று நாலு கண்ணை மட்டும் விட்டு மற்றதை அடைத்து, எட்டு அடி தள்ளிப் போனால் நன்றாக விழும். இன்னொன்று, துளை வழியாக விழுகிற படம் தலைகீழாக இருக்கும். மேலே குறைந்திருந்தால் கீழே குறைந்த மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம், அதுதான் அதன் இயற்கை.

போட்டோ எடுக்க எங்களிடம் இருந்தது பழைய போன் ஒன்று. திரையில் ஒரு மூலை விரிசல். அதில்தான் எடுத்தோம். சூரியனை நோக்கிப் போனைத் திருப்பவே இல்லை. சுவரைத்தான் எடுத்தோம். ஒருத்தர் தட்டைப் பிடிக்க, ஒருத்தர் எடுக்க வேண்டும். எடுப்பவர் ஓரமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நம் நிழலே படத்தை மறைத்துவிடும். ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும். திரையில் அந்த வெளிச்சப் பொட்டின் மேல் விரலை வைத்துத் தட்டினால் பெரும்பாலான போனில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கோடு வரும், அதைக் கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் பிறை பிறையாகத் தெரியும், இல்லாவிட்டால் வெள்ளையாகப் பூத்துப் போகும். ஜூம் பண்ணாமல் நாமே கிட்டப் போய் எடுத்தால் தெளிவு கூடும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

மேகம் வந்து வந்து போனது. மேகம் மூடினால் சுவரில் ஒன்றும் இருக்காது. விலகினால் உடனே வந்துவிடும். வெறும் சுவரை எடுப்பதைவிட, ஆள், கை, சாமான் எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் படம் பேசும் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. சின்னப் பிள்ளை ஒன்று சுவரில் விழுந்த பிறையைக் கிள்ளி எடுக்கப் பார்த்தது. அது ஒரு படம். வாசலில் போட்ட மார்கழிக் கோலத்தின் மேல், மர நிழல் வழியாகப் பிறை பிறையாக விழுந்து கிடந்தது. அது ஒரு படம். புள்ளிக் கோலத்துக்கு மேலே இன்னொரு புள்ளிக் கோலம்.

ஒன்பதரையைத் தாண்டியதும் வெயில் மங்கியது. இருட்டவில்லை, ஆனால் வெயிலுக்குச் சூடு இல்லை, வேறு மாதிரி ஒரு வெளிச்சம். சுவரில் இருந்த பிறை எல்லாம் இரண்டு முனையும் நீண்டு நீண்டு வந்து, ஒட்டிக்கொண்டன. அத்தனையும் வளையம்! இடியாப்பத் தட்டில் மெல்லிய வளையம். பூந்திக் கரண்டியில் பார்த்தால் உளுந்து வடை. சூரியனின் நூறு பங்கில் ஏறக்குறைய 94 பங்கு மறைந்திருந்த நேரம் அது. மூன்று நிமிஷம்தான் இருக்கும்.

ஆச்சி அதுவரை உள்ளே ஸ்லோகம் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். நாங்கள் போட்ட சத்தத்தில் நிலைப்படி வரைக்கும் வந்து, சுவரைப் பார்த்தார்கள். "வெளியில வராம இங்கிருந்தே தெரியுதே!" என்றார்கள். அப்புறம் தட்டை வாங்கித் தன் கையாலேயே பிடித்தார்கள். அந்தப் படமும் எங்களிடம் இருக்கிறது. கிரகணம் விட்டபிறகு குளித்துவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் வழக்கமும் கெடவில்லை, பார்க்க வேண்டியதையும் பார்த்துவிட்டார்கள்.

இப்போது அந்த வளையல் படத்துக்கு வருகிறேன். அதை எடுத்தது நான் இல்லை.

எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மகள் அப்போது வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தது. தலைப்பிள்ளை. கிரகணத்தன்று அந்தப் பிள்ளையை ஒரு அறைக்குள் விட்டு, சன்னலை எல்லாம் சாத்தி, துணியை வைத்து அடைத்து, "அசையாமப் படு, சொறியக்கூட வேண்டாம்" என்று அப்பத்தா சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கர்ப்பிணி மேல் கிரகணம் பட்டால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்ற பயம். நம் எல்லார் வீட்டிலும் உள்ள பயம்தான் இது, இல்லையா?

வீடு ஓட்டு வீடு. எல்லாவற்றையும் அடைத்தார்கள், ஓட்டைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. கூரையில் ஒரு ஓடு லேசாக விலகி இருந்தது. அந்தச் சந்து வழியாகச் சூரியன் உள்ளே வந்துவிட்டது. அந்தப் பிள்ளை பின்னால் சொன்னது இது: "இருட்டுல படுத்துக் கிடந்தேன் சித்தி. தரையில பளபளன்னு ஒண்ணு கிடந்துச்சு. என் வளையல்தான் கழண்டு விழுந்துருச்சுன்னு எடுக்கப் போனேன். கை வச்சா, என் கை மேல வந்து நிக்குது. அப்பதான் தெரிஞ்சுச்சு, அது சூரியன்னு." காலையில் இருந்து பயந்து அழுதுகொண்டு இருந்த பிள்ளை அது. தலையணைக்கு அடியில் இருந்த போனை எடுத்து, வளையலுக்குப் பக்கத்தில் வளையத்தை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டது. சூரியன் சாய்வாக இருந்ததால் வளையம் கொஞ்சம் நீண்டு, நசுங்கிய வளையல் மாதிரி விழுந்திருக்கிறது, படத்தில் பாருங்கள். நாங்கள் பத்துப் பேர் ஓடி ஆடி எடுத்த அத்தனை படத்திலும் அதுதான் நல்ல படம். இருட்டு அறை, ஒரே ஒரு துளை, தரையில் ஒரு வளையம். காமிரா என்பதே அதுதான். பூட்டிய அறையே காமிராவாகிவிட்டது.

படத்தைப் பார்த்ததும் வீட்டில் ஒரே பதற்றம். "கிரகணம் கை மேல பட்டுருச்சே!" என்று அப்பத்தா அழுதுவிட்டார்கள். பிரசவம் ஆகிற வரைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. நாங்களும் மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்தோம். நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. உதடு, கை, கால் எல்லாம் சுகம். இப்போது பள்ளிக்கூடம் போகிறது, வாயாடி. அப்பத்தாவே, "கிரகணத்தை உள்ள இருந்தே படம் புடிச்சவ மக" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள்.

இது ஒரு வீட்டில் நடந்தது. இதை வைத்து மட்டும் நான் சொல்லவில்லை. உதடு பிளந்து பிறப்பதற்கும் கிரகணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் மருத்துவம் சொல்வது. கிரகணத்தன்று சூரியனில் இருந்து புதிதாக எந்த விஷக் கதிரும் வருவதில்லை, வழக்கமாக வருகிற வெளிச்சம்தான் குறைந்து வருகிறது. கர்ப்பிணிப் பெண்ணைப் பசியோடும் தாகத்தோடும் மூன்று மணி நேரம் காற்று இல்லாத அறையில் அடைத்து வைப்பதுதான் உடம்புக்குக் கெடுதல். நேரத்துக்குச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, நிழலில் உட்கார்ந்து சுவரில் விழுகிற படத்தைப் பார்ப்பதால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு கெடுதலும் இல்லை. உலக்கையை நிறுத்தி வைத்துப் பார்ப்போமே, அதுவும் அப்படித்தான். அடிப்பக்கம் சமமாக இருக்கிற உலக்கை எந்த நாளும் நிற்கும். நாளைக்கு வீட்டில் நிறுத்திப் பாருங்கள்.

ஆனால் கண் விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. இதை இரண்டு தரம் சொல்கிறேன், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கண்ணின் உள்ளே படம் விழுகிற விழித்திரைக்கு வலி தெரியாது. சூரியன் சுட்டால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் கறுப்பாக நிற்கும். சிலருக்கு அது திரும்பச் சரியாவதில்லை. வளையமாக இருக்கிற அந்த மூன்று நிமிஷத்திலும் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. மேகத்துக்கு நடுவில் தெரிகிறதே என்று பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி, புகை பிடித்த கண்ணாடி, மஞ்சள் தண்ணீர், சாணித் தண்ணீர், எதுவும் கூடாது. போன் திரையில் பார்க்கிறேன் என்று சூரியனை நோக்கிப் போனைத் தூக்கினால், கண் தானாகத் திரைக்கு மேலே போகும். அதுவும் வேண்டாம். நேராகப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், அதற்கென்றே தரச் சான்றுடன் வருகிற கிரகணக் கண்ணாடி மட்டும்தான். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்றவர்கள் கிரகண சமயத்தில் இந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். கீறல், ஓட்டை இருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அச்சையும் கரண்டியையும் பிடிக்கும்போதும் துளை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

தையல் குழு அக்காமாருக்கும் ஒன்று சொல்கிறேன். ஜாக்கெட்டில் வைத்துத் தைக்கிற சின்னக் கண்ணாடித் துண்டு இருக்கிறதே, அது ஒன்று போதும். அதை ஒரு அட்டையில் ஒட்டி, வெயிலில் வைத்து, வெளிச்சத்தை வீட்டுக்குள் இருபது அடி தள்ளி இருக்கிற இருட்டுச் சுவரில் அடிக்க வேண்டும். கண்ணாடித் துண்டு எந்த வடிவமாக இருந்தாலும், சுவரில் தட்டை முறுக்கு அளவுக்கு வட்டமாகச் சூரியன் விழும். கிரகணத்தன்று பிறையாக விழும். வெளியில் வர முடியாதவர்கள், படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள்கூடக் கட்டிலில் இருந்தே பார்க்கலாம். அந்தக் கண்ணாடியை நேராக யாரும் பார்த்துவிடாமல், பிள்ளைகள் முகத்தில் அடிக்காமல் ஒருத்தர் காவலுக்கு இருக்க வேண்டும்.

இவ்வளவும் பழங்கதை பேசுவதற்காகச் சொல்லவில்லை. 2031-ம் வருஷம் மே மாதம் 21-ம் தேதி, புதன்கிழமை, நம் வட்டாரத்துக்கு மறுபடியும் வளைய கிரகணம் வருகிறது. கொச்சி, தேனி, மதுரை, இளையான்குடி, காரைக்குடி, வேதாரண்யம் என்று அதன் பாதை போகிறது. காரைக்குடி நமக்கு ஒரு பஸ் தூரம்தான். 2019-ல் காலை வெயில், சாய்வாக வந்தது, சுவரில் விழுந்தது. 2031-ல் வருவது மதிய வெயில், அதுவும் மே மாதம். சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அதனால் படம் சுவரில் விழாது, தரையில் விழும். வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து, மேலே தட்டைப் பிடிக்க வேண்டும். நம் வளவு வீட்டு முற்றம் அதற்கென்றே கட்டிய மாதிரி இருக்கிறது.

அதனால் கூட்டமைப்புக்கு எங்கள் குழு சார்பாக மூன்று கோரிக்கை வைக்கிறேன். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஒன்று, அன்றைக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு அச்சு, ஒரு கரண்டி, ஒரு வெள்ளை வேட்டியோடு ஒரே இடத்தில் கூட வேண்டும். பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டும். முன்கூட்டியே ஒரு சாதாரண வெயில் நாளில் ஒத்திகை பார்த்துவிடலாம். கிரகணம் இல்லாத நாளிலும் வட்டச் சூரியன் விழும்.

இரண்டு, அந்த நாளில் நம் ஊரில் எத்தனை கர்ப்பிணிப் பெண்கள் இருக்கிறார்கள் என்று ஊக்குநர்கள் கணக்கு எடுத்து, அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் முன்னாடியே போய்ப் பேச வேண்டும். சண்டை போட வேண்டாம். இந்தப் படத்தைக் காட்டினால் போதும். வெளியே வர மனசில்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம், கண்ணாடித் துண்டை வைத்து அவர்கள் இருக்கிற இடத்துக்கே வெளிச்சத்தைக் கொண்டு போவோம். சாப்பாடும் தண்ணீரும் மட்டும் யாருக்கும் நிறுத்தக் கூடாது.

மூன்று, எடுத்த படத்தை எல்லாம் தேதி, நேரம், இடம், எடுத்தவர் பெயர் எழுதிக் கூட்டமைப்பில் ஒரு நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும். 1871-ல் வந்தவர்கள் எடுத்ததும் எழுதியதும் அவர்கள் தேசத்தில் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கு இந்தப் பக்கத்துப் பெண்கள் என்ன பார்த்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று நமக்குச் சொல்ல ஒரு வரி இல்லை. 2031-ல் நடப்பது நம் நோட்டில் இருக்கட்டும்.

இதைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முன்மொழிகிறது எங்கள் குழு. வழிமொழிய யார் வருகிறீர்கள்?